கடல் கடந்த கணக்கு ஆசிரியர்களுக்கு

அன்புள்ள ஆசிரியப் பெருமக்களே,



யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும், திருநெல்வேலியிலும் தருமபுரியிலும் ஒரு காலத்தில் கரும்பலகை முன் நின்றவர்கள் நீங்கள். இன்று டொராண்டோவிலும் லண்டனிலும் ஓஸ்லோவிலும் மெல்பர்னிலும் வாழ்கிறீர்கள். சிலருக்குப் போன இடத்திலும் ஆசிரியர் வேலையே அமைந்தது. பலருக்கு அமையவில்லை. ஊரில் பெற்ற பயிற்சிச் சான்றிதழ் அங்கே செல்லாமல் போனதால், கிடங்கிலும் கடையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை தேடிக்கொண்டீர்கள். ஆனாலும் கற்பிப்பதை விடவில்லை. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் அகரம் சொல்லிக் கொடுக்கிறீர்கள். மாலையில் சாப்பாட்டு மேசையில் பேரப்பிள்ளைக்குக் கணக்கு சொல்லித் தருகிறீர்கள். அந்தப் பிள்ளையின் பள்ளிப் புத்தகத்தைப் புரட்டும்போது ஒரு பக்கம் வியப்பும் இன்னொரு பக்கம் கவலையும் தருவது உங்களுக்குப் பழகிப்போன அனுபவம்.

அந்த வியப்பையும் கவலையையும் எழுதுங்கள் என்று கேட்பதற்காகத்தான் இந்த மடல். தொடக்கப் பள்ளிக் கணக்கை எப்படிக் கற்பிப்பது, அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள், இங்கே என்ன சொல்லித் தந்தோம், எது எங்கே சரியாக வந்தது, எது எங்கே இடறியது என்று இரண்டு பக்கத்தையும் கண்ணால் பார்த்தவர்கள் எழுத வேண்டும். அப்படி எழுதிய ஒரு சீன ஆசிரியையின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. அவர் பெயர் லிப்பிங் மா.

ஷாங்காய் நகரத்துப் பெண். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. 1966இல் மாவோ தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியில் பள்ளிகள் முடங்கின. நகரத்துப் பிள்ளைகளை விவசாயிகளிடம் பாடம் படித்து வரச் சொல்லி லட்சக்கணக்கில் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். மாவும் தென் சீனாவின் மலைப் பகுதியில் ஓர் ஏழைக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். வயலில் வேலை செய்த சில மாதங்களிலேயே ஊர்த் தலைவர் அவரைக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடு என்றார். ஓர் அறை; அதற்குள் இரண்டு வகுப்பு; எல்லாப் பாடமும் ஒருவரே. ஈராசிரியர் பள்ளியில் காலம் தள்ளியவர்களுக்கு அந்த அறையை விவரிக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கம் உள்ள பிள்ளைகளுக்குக் கணக்குப் போடக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதும், திரும்பி வருவதற்குள் இங்கே எழுந்திருக்கும் சத்தமும் உங்களுக்குத் தெரியும். தானே எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஒரு பெண் அந்த நிலையில் நின்றார்.

ஏழு ஆண்டுகள் அங்கே கற்பித்தார். முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லா வகுப்புகளையும் பார்த்தார். தலைமையாசிரியரானார். பிறகு அந்த மாவட்டத் தொடக்கப் பள்ளிகளை மேற்பார்வையிடும் பொறுப்புக்கும் வந்தார். வேலையை அவர் தேடிப் போகவில்லை. வேலைதான் அவரைப் பிடித்துக்கொண்டது. கற்பித்தல் என்றால் என்ன என்ற கேள்வியைச் சுமந்துகொண்டு அவர் ஷாங்காய் திரும்பியபோது, லியூ ஃபோனியான் என்ற பேராசிரியர் வழிகாட்டியாகக் கிடைத்தார். கன்ஃபூசியஸ், பிளேட்டோ, ரூசோ, பியாஜே, வைகாட்ஸ்கி, புரூனர் என்று கல்வியைப் பற்றிச் சிந்தித்தவர்களையெல்லாம் அவர் படிக்க வைத்தார். கிழக்குச் சீன ஆசிரியர் பல்கலைக்கழகத்தில் மா முதுகலைப் பட்டம் பெற்றார். எட்டாம் வகுப்புக்கும் முதுகலைக்கும் நடுவில் அவர் பெற்ற பெரும் படிப்பு அந்தக் கிராமத்துப் பள்ளி அறைதான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் பின்னால் எழுதியதெல்லாம் அந்த அறையிலிருந்து முளைத்தது.

1988ஆம் ஆண்டின் கடைசி நாளில் அவர் அமெரிக்காவில் வந்து இறங்கினார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு. ஆசிரியர்கள் கற்பிக்கக் கற்றுக்கொள்வது எப்படி என்று அப்போது அங்கே ஒரு பெரிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் கேட்பதற்காக டெபோரா பால் என்ற ஆய்வாளர் சில கணக்குக் கேள்விகளை வடிவமைத்திருந்தார். மா அந்த ஆய்வில் உதவியாளராகச் சேர்ந்தார். ஆசிரியர்கள் பேசியதை எழுத்தில் பெயர்த்து வைத்திருப்பார்கள். அதைப் படித்து வகைப்படுத்துவது அவர் வேலை. குடிபெயர்ந்து வந்த மாணவர்களுக்குக் கிடைக்கும் வழக்கமான வேலைதான் இது. பெரும்பாலானவர்கள் அதை முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்கள்.

மா ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

கேள்வி இது: 1¾ ÷ ½ எவ்வளவு? விடையைக் கண்டுபிடியுங்கள். பிறகு, இந்தக் கணக்குக்குப் பொருந்தும் ஒரு கதையை, அன்றாட வாழ்விலிருந்து ஒரு சூழலை, மாணவர்களுக்காகச் சொல்லுங்கள்.

விடை 3½. ஊரில் ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ ஒவ்வொருவரும் போட்ட கணக்குத்தான். ஆனால் அந்த ஆசிரியர்களில் பலர் தடுமாறியிருந்தார்கள். பிற்பாடு மா தன் நூலில் எடுத்துக்கொண்ட 23 அமெரிக்க ஆசிரியர்களில் 21 பேர் விடை காண முயன்றார்கள்; 9 பேர்தான் சரியாக முடித்தார்கள். கதை சொல்வது இன்னும் கடினமாக இருந்தது. ஒன்றே முக்கால் அப்பத்தை இரண்டு பேருக்குச் சமமாகப் பங்கிடுவது என்கிற மாதிரி பலர் சொன்னார்கள். அது இரண்டால் வகுப்பது. அரையால் வகுப்பது அல்ல. அப்படிப் பங்கிட்டால் ஆளுக்கு 7/8 பாகம் கிடைக்கும். வேறு சிலர் அரையால் பெருக்கும் கதையைச் சொன்னார்கள். 23 பேரில் ஒரே ஒருவர் சொன்ன கதைதான் கருத்தளவில் பொருந்தியது.

இவர்கள் யாரும் படிக்காதவர்களோ அக்கறையற்றவர்களோ அல்லர். எல்லோரும் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள்; சராசரிக்கு மேற்பட்டவர்கள் என்று கருதித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.  மாவுக்கு இந்த முடிவு புதிராகத் தோன்றியது. அவர் மனத்தில் ஓர் ஒப்பீடு தானாக ஓடியது. மலைக் கிராமத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களும், மேற்பார்வைக்குப் போன பள்ளிகளில் அவர் சந்தித்தவர்களும் கல்லூரி வாசலைக்கூட மிதிக்காதவர்கள். அவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

புலம்பெயர்ந்தவருக்கு மட்டுமே எழக்கூடிய கேள்வி இது. ஓர் ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் இயற்கை மாதிரி. அது வேறு மாதிரியும் இருக்கலாம் என்று தோன்றாது. வெளியிலிருந்து வருபவருக்குத்தான் அது மனிதர்கள் செய்துவைத்த ஓர் ஏற்பாடு என்பது புலப்படும். ஆனால் அந்த நேரத்தில் வாயடைத்துப் போவதுதான் பெரும்பாலும் நடப்பது. வந்த நாட்டைக் குறை சொல்கிறோமோ என்ற தயக்கம், நம் ஊர் ஏழை ஊர்தானே, அதை எப்படி எடுத்துக்காட்டாகச் சொல்வது என்ற கூச்சம், மொழி வேறு. மா அந்தத் தயக்கங்களை மீறினார். தன் வியப்பை ஓர் ஆய்வுக் கேள்வியாக மாற்றினார்.

சில ஆண்டுகளில் குடும்பம் கலிஃபோர்னியாவுக்கு இடம் மாறியது. மா ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவியானார். ஆசிரியரின் அறிவு என்பது எது என்பதைப் பற்றி ஆழமாக எழுதிய லீ ஷுல்மன் அங்கே அவருக்கு நெறியாளர். ஸ்பென்சர் அறக்கட்டளையின் உதவித்தொகை கிடைத்தது. மிச்சிகனில் கேட்ட அதே கேள்விகளை எடுத்துக்கொண்டு சீனாவுக்குத் திரும்பிப் போனார். மிக நல்ல பள்ளி முதல் மிகச் சாதாரணப் பள்ளி வரை 5 பள்ளிகள், 72 ஆசிரியர்கள்.

72 பேரும் 1¾ ÷ ½க்குச் சரியான விடை சொன்னார்கள். 65 பேர் பொருத்தமான கதைகளையும் சொன்னார்கள். பலர் ஒன்றுக்கு மேல் சொன்னதால் மொத்தம் 80க்கும் மேற்பட்ட கதைகள் சேர்ந்தன. கதைகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் வகைகளைத்தான் கவனிக்க வேண்டும். நம் அளவைகளில் வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி. ஒன்றே முக்கால் நாழி அரிசி இருக்கிறது. உரியால் அளந்தால் எத்தனை உரி வரும்? மூன்றரை. இது ஒரு வகை: ஒன்றுக்குள் இன்னொன்று எத்தனை முறை அடங்கும் என்று கேட்பது. இன்னொரு வகை: ஒரு கயிற்றின் பாதி நீளம் ஒன்றே முக்கால் முழம் என்றால், முழுக் கயிறு எவ்வளவு? இதற்கும் மூன்றரை. ஆனால் இங்கே நடப்பது வேறு. ஒரு பகுதி தெரிந்திருக்க, முழுமையைத் தேடுகிறோம். மூன்றாவது வகை: ஒரு செவ்வகத்தின் பரப்பு ஒன்றே முக்கால் சதுர மீட்டர், ஒரு பக்கம் அரை மீட்டர்; மறு பக்கம் எவ்வளவு? வகுத்தல் என்ற ஒரே செயலுக்கு மூன்று முகங்கள். அந்த மூன்றையும் தெரிந்தவர்கள் அந்தச் சீன ஆசிரியர்கள். தலைகீழாக்கிப் பெருக்கு என்ற விதியை அவர்களும் சொல்லிக் கொடுத்தார்கள். அது ஏன் சரியாக வருகிறது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மற்ற கேள்விகளும் நம் வகுப்பறைகளில் நாம் சந்தித்தவைதான். 123ஐ 645ஆல் பெருக்கும் மாணவர்கள் 615, 492, 738 என்று மூன்று வரிகளையும் இடம் தள்ளாமல் நேர்நேராக எழுதி 1,845 என்று கூட்டிவிடுகிறார்கள். சரியான விடை 79,335. ஆசிரியர் என்ன செய்வார்? இரண்டாம் வரியை ஓரிடம் தள்ளி எழுது, புள்ளி வை என்று சொல்லலாம். அல்லது, அந்த 492 உண்மையில் 492 பத்துகள் அல்லவா, 4,920 அல்லவா என்று இடமதிப்பைத் திறந்து காட்டலாம். இரண்டுக்கும் இடையில் ஒரு வாழ்நாள் தூரம் இருக்கிறது. முதலாவதைக் கற்ற பிள்ளை அந்த ஒரு கணக்கைச் சரியாகப் போடும். இரண்டாவதைக் கற்ற பிள்ளைக்குப் பின்னால் இயற்கணிதம் பழகிய தெருவாக இருக்கும்.

இன்னொரு கேள்வி மிக அழகானது. ஒரு மாணவி ஓடிவருகிறாள். டீச்சர், நான் ஒரு புது விதி கண்டுபிடித்திருக்கிறேன், சுற்றளவு கூடினால் பரப்பும் கூடும் என்கிறாள். சான்றாக 4க்கு 4 சதுரம்: சுற்றளவு 16, பரப்பு 16. 4க்கு 8 செவ்வகம்: சுற்றளவு 24, பரப்பு 32. புத்தகத்தில் இல்லாத ஒன்றை மாணவி கொண்டுவந்தால் ஆசிரியர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கான சோதனை இது. அமெரிக்க ஆசிரியர்களில் பெரும்பாலோர் புத்தகத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்றோ இன்னும் சில எடுத்துக்காட்டு கொண்டு வா என்றோ சொன்னார்கள். தாங்களே கணக்காக ஆராய்ந்து பார்த்தவர்கள் 3 பேர். சீன ஆசிரியர்களிலும் எல்லோரும் வெல்லவில்லை. ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் தவறான முடிவுக்கு வந்தார்கள். ஆனால் பெரும்பாலோர் தாளையும் பென்சிலையும் எடுத்து இறங்கிப் பார்த்தார்கள். 8க்கு 1 என்ற நீளமான செவ்வகத்தை வரைந்தால் போதும்: சுற்றளவு 18, பரப்பு வெறும் 8. விதி உடைந்தது. அதோடு நிற்காமல், எந்தச் சூழலில் அந்த மாணவி சொல்வது சரி, எந்தச் சூழலில் தவறு என்பது வரை போனவர்களும் இருந்தார்கள். உங்கள் வகுப்பில் அப்படி ஓடிவந்த பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களிடம் நீங்கள் சொன்ன பதில் எங்காவது பதிவாகியிருக்கிறதா?

இந்த இடத்தில் மாவின் நூலைச் சிலர் தவறாக வாசிக்கிறார்கள். சீனர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள், அமெரிக்கர்கள் மட்டம் என்று முடித்துவிடுகிறார்கள். நம்மவர்களுக்கு அதில் ஒரு மகிழ்ச்சியும் வருகிறது. ஆசியர்களெல்லாம் கணக்கில் பெரியவர்கள் என்ற நினைப்பு நமக்கும் இனிக்கத்தான் செய்கிறது. அவர் எழுதியது அது அல்ல. 23, 72 என்ற எண்கள் ஒரு நாட்டுக்குச் சான்றாக நிற்கப் போதாதவை. அவற்றை அவர் அப்படி நிறுத்தவும் இல்லை. அவர் தேடியது ஓர் ஆசிரியரின் தலைக்குள் கணக்கு எப்படி அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை. சீன ஆசிரியர்களிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம்தான் அடிப்படைக் கணிதத்தின் ஆழ்ந்த புரிதல் என்று தாம் பெயரிட்ட நிலை இருந்ததாக அவரே கணித்தார்.

அது எங்கிருந்து வந்தது என்பதுதான் நூலின் உயிர். அந்தச் சீன ஆசிரியர்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள். மொத்தப் படிப்பு 11, 12 ஆண்டுகள்தான். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயின்றவர்களுக்கும், தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்போடு பயிற்சி முடித்து இடைநிலை ஆசிரியரானவர்களுக்கும் இது அயலாகத் தோன்றாது. ஆசிரியப் பயிற்சி மாணவர்களிடமும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடமும்கூட மா அதே கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார். பின்ன வகுத்தலை அவர்கள் எல்லோரும் சரியாகவே செய்தார்கள். ஆனால் அனுபவமுள்ள ஆசிரியர்களிடம் இருந்த விரிவும் இணைப்பும் அவர்களிடம் இல்லை. அப்படியானால் அந்த ஆழம் பள்ளியிலோ கல்லூரியிலோ முழுதாகக் கிடைத்ததல்ல. வேலை பார்த்த காலத்தில் வளர்ந்தது.

எப்படி வளர்ந்தது? ஒரு நாளைக்கு மூன்று நான்கு பாட வேளைதான் வகுப்பு. பலர் கணக்கை மட்டும் கற்பிப்பவர்கள். மீதி நேரம் ஆசிரியர் அறையில் சக ஆசிரியர்களோடு உட்கார்ந்திருப்பார்கள். பாடநூலை வரி வரியாகப் பிரித்துப் பார்ப்பார்கள்: இந்த எடுத்துக்காட்டு ஏன் இங்கே முதலில் வருகிறது, இந்த எண்ணை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், அடுத்த ஆண்டுப் பாடத்துக்கு இது எப்படி அடிப்படையாகிறது என்று. புதியவர் மூத்தவரிடம் கேட்பார். மூத்தவர் புதியவரிடம் கேட்பார். பிள்ளைகள் வகுப்பில் போட்ட புதுவழியை ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்து எல்லோரும் போட்டுப் பார்ப்பார்கள். அமெரிக்க ஆசிரியருக்கு அந்த நேரம் தரப்படவில்லை. காலையிலிருந்து மாலை வரை எல்லாப் பாடத்தையும் தனியாகக் கற்பிக்கும் ஒருவரிடம், நீ ஏன் ஆழமாகப் படிக்கவில்லை என்று கேட்பதில் நியாயம் இல்லை. இதை மா அந்த ஆசிரியர்கள் மீது பழியாக வைக்கவில்லை. அவருடைய நூலை மதிக்க இது ஒன்றே போதும்.

ஆய்வேடு முடிந்த பிறகு பெர்க்லியில் ஆலன் ஷோன்ஃபெல்டிடம் இரண்டு ஆண்டுகள் பணியாற்றி அதை நூலாக்கினார். ஆங்கிலம் அவருக்குப் பின்னால் வந்த மொழி. மொழியைச் செம்மையாக்க நண்பர்கள் கைகொடுத்தார்கள். தொடக்கப் பள்ளிக் கணிதத்தை அறிதலும் கற்பித்தலும் என்று பொருள்படும் தலைப்போடு 1999இல் அது வெளிவந்தது. அச்சுக்குப் போவதற்கு முன்பே அதன் கையெழுத்துப் பிரதி கணிதவியலாளர்களிடம் கைமாறிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் அப்போது கணக்குப் பாடத்தைப் பற்றிக் கடும் சண்டை. புரிதல்தான் முக்கியம் என்று ஒரு தரப்பு, பயிற்சியும் வழிமுறையும்தான் முக்கியம் என்று எதிர்த்தரப்பு. இரண்டு தரப்பும் இந்த நூலைப் பாராட்டின. வழிமுறையும் புரிதலும் எதிரிகளல்ல என்று வாதிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, இரண்டையும் ஒன்றாகக் கையாளும் உயிருள்ள ஆசிரியர்களை மா காட்டிவிட்டார்.

அந்த நூலை விரிவாக அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவர் விஸ்கான்சினைச் சேர்ந்த கணிதவியலாளர் ரிச்சர்ட் ஆஸ்கி. இந்தப் பெயரைத் தமிழர்கள் நன்றியோடு நினைவில் வைத்திருக்க வேண்டும். சீனிவாச ராமானுஜனுக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்கள், வைக்கவில்லையே என்று அவர் மனைவி ஜானகி அம்மாள் முதுமையில் வருந்தியதைப் படித்துவிட்டு, உலகெங்கும் உள்ள கணிதவியலாளர்களிடம் பணம் திரட்டி, பால் கிரான்லண்டு என்ற சிற்பியைக் கொண்டு ராமானுஜனின் மார்பளவுச் சிலையை வார்த்து அந்த அம்மையாருக்குக் கிடைக்கச் செய்தவர் அவர். சென்னையில் வாழ்ந்த ஒரு மூதாட்டியின் மனக்குறையைக் காதில் வாங்கிய அதே மனிதர், சீனக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியையின் எழுத்தையும் காதில் வாங்கினார்.

பின்னர் மா கார்னகி அறக்கட்டளையில் ஆய்வாளராக இருந்தார். 2006இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அமைத்த தேசியக் கணித ஆலோசனைக் குழுவில் உறுப்பினரானார். அந்தக் குழு 2008இல் அறிக்கை தந்தது. 2013இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில், அந்த நாட்டுத் தொடக்கப் பள்ளிக் கணிதத்தின் அமைப்பையே விமர்சித்து ஒரு கட்டுரை எழுதினார். எண்கணிதத்தை நடுவில் ஒரு முழுமையான பாடமாக நிறுத்தாமல், வடிவியல், அளவை, புள்ளியியல் என்று இணையான பல இழைகளில் ஒன்றாகக் குறைத்துவிட்டதால் பிள்ளைகளுக்குக் கணக்கு துண்டு துண்டாகப் போய்ச் சேர்கிறது என்பது அவர் வாதம். இதை ஏற்கலாம், மறுக்கலாம். குடிபெயர்ந்து வந்த ஒருவர், வந்த நாட்டின் பாடத்திட்டத்தை நேருக்கு நேர் நின்று, சான்றுகளோடு, மரியாதையோடு விமர்சிக்க முடிந்தது என்பது பெரிய காரியம்.

இந்த வழியில் நடந்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். புடாபெஸ்டில் 1887இல் பிறந்த ஜார்ஜ் போலியா, முதலில் சட்டம் படித்துச் சலித்து, மொழியும் தத்துவமும் படித்து, கடைசியில் கணிதத்துக்கு வந்தவர். சூரிக்கில் பல ஆண்டுகள் கற்பித்தார். ஐரோப்பாவில் போர் மூண்டபோது 1940இல் அமெரிக்கா போய், பின்பு ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்தார். கணக்கை எப்படி விடுவிப்பது என்று விளக்கும் அவருடைய சிறிய நூல் 1945இல் ஆங்கிலத்தில் வந்தது. அதன் முதல் வடிவத்தை அவர் ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தார். ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்த பிறகுதான் அதற்கு அச்சேறும் வழி பிறந்தது. பிறகு 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அவர் ஊரிலேயே 1916இல் பிறந்த சோல்தான் டீன்ஸ் சிறு வயதில் இங்கிலாந்து போய், ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் பணியாற்றியவர். ஒன்று, பத்து, நூறு என்று இடமதிப்பைக் கையால் தொட்டுப் பார்க்க உதவும் கட்டைகள் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. உங்கள் பேரப்பிள்ளையின் வகுப்பறை அலமாரியில் அவை இருக்கக்கூடும்.

இனி உங்களைப் பற்றி.

உங்களிடம் இருப்பது என்ன என்பதை நீங்கள் குறைத்து மதிப்பிடுகிறீர்கள் என்பதே இந்த மடலின் கவலை. போர்க்காலத்தில் மின்சாரமும் தாளும் இல்லாத நாட்களில், இடம்பெயர்ந்தவர்கள் தங்கிய கொட்டிலில், மரத்தடியில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். பாடநூல் கைக்கு வராத நிலையில் எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது, எதை விட்டாலும் பரவாயில்லை என்று நீங்களே முடிவு செய்தீர்கள். கணக்கின் எந்தக் கருத்து எதைத் தாங்கி நிற்கிறது என்பது தெரியாமல் அந்த முடிவை யாரும் எடுக்க முடியாது. மா சீன ஆசிரியர்களிடம் கண்டதும் இந்த அறிவைத்தான். 20க்குள் கழித்தலைப் பிள்ளை நன்றாகப் பிடித்துக்கொண்டால் பெரிய எண்களின் கழித்தல் தானாக வரும், அங்கேதான் நேரம் செலவிட வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். உங்களுக்கும் அப்படிச் சில இடங்கள் தெரியும். அவற்றைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறீர்களா? தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள், ஒன்று முதல் நான்கு வரையான வகுப்புப் பிள்ளைகளைக் கலந்து உட்கார வைத்த செயல்வழிக் கற்றலை நேரில் நடத்தியவர்கள். அந்த முறையின் அட்டைகளும் ஏணிகளும் எங்கே உதவின, எங்கே பிள்ளையைத் தனியே விட்டன என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அதோடு, இப்போது மறுபக்கத்தையும் பார்க்கிறீர்கள். அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளை 53 − 26 என்பதை ஒரு கோட்டின் மேல் தாவித் தாவிச் செய்வதைப் பார்த்து, ஏன் இந்தச் சுற்று வழி என்று நினைத்திருப்பீர்கள். 53இலிருந்து 3 போனால் 50, இன்னும் 23 போக 27. உற்றுப் பார்த்தால் உங்கள் ஊர்க் கடைக்காரர் சில்லறை எண்ணிய வழியும் இதற்கு உறவு என்பது தெரியும். பள்ளியில் ஒரு வழி, கடையில் ஒரு வழி என்று நாம் பிரித்து வைத்திருந்ததை அந்த நாட்டுப் பாடநூல் சேர்த்து வைக்கிறதா, அல்லது ஐந்தாறு வழிகளைக் கொடுத்துப் பிள்ளையைக் குழப்புகிறதா? இதற்கு நேர்மையான பதில் சொல்லக்கூடியவர்கள் இரண்டு வகுப்பறைகளையும் கண்டவர்களே. ஊரில் நம் பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாட்டைப் பாடலாகப் பாடி மனத்தில் ஏற்றியதால் என்ன கிடைத்தது, என்ன போனது என்பதையும் பெருமையும் வெட்கமும் இல்லாமல் எடைபோட உங்களால் முடியும்.

எழுத உட்காரும்போது பெரிய நூலை நினைக்க வேண்டாம். ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மாவும் நான்கு கேள்விகளை மட்டுமே வைத்துக்கொண்டு ஒரு நூலை எழுதினார். அந்தக் கணக்கை உங்களோடு இருக்கும் பழைய ஆசிரியர்கள் நான்கைந்து பேரிடம் கேளுங்கள்; வார இறுதிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் திருத்தாமல், அவர்கள் சொன்ன சொல்லிலேயே, அவர்கள் சம்மதத்தோடு, பெயரை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். தவறான விடை வந்தால் அதைத்தான் அதிக நேரம் பாருங்கள். அந்தத் தவறுக்குள் ஒரு காரணம் இருக்கும். முடிவு சொல்ல அவசரப்பட வேண்டாம். உங்கள் பழைய பாடக்குறிப்பேடுகள் ஊரில் யார் வீட்டிலாவது பரணில் இருந்தால், அவற்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓர் ஆசிரியர் 1985இல் பின்னத்தை எப்படி அறிமுகப்படுத்தினார் என்பது இன்று வரலாற்று ஆவணம்.

எந்த மொழியில் என்று கேட்பீர்கள். முதலில் தமிழில். வகுப்பில் நீங்கள் பேசிய மொழி அது. உங்கள் விளக்கங்கள் அந்த மொழியில்தான் உருவாயின. போலியா முதல் வடிவத்தை ஜெர்மனில் எழுதியதை நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980களிலிருந்து நடத்திவரும் துளிர் இதழ் போன்றவை பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் எளிய தமிழில் எழுதுகிறவர்களுக்குத் திறந்திருக்கின்றன. ஆங்கிலத்துக்கோ நோர்வேஜிய மொழிக்கோ கொண்டுபோவதற்கு உங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நாட்டுப் பள்ளியில் படித்த அவர்களுக்கு அங்குள்ள கணிதச் சொற்கள் அத்துப்படி. தாயோ தந்தையோ கற்பித்த விதத்தை மொழிபெயர்க்க உட்காரும் பிள்ளை, உங்களிடம் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கும். அந்தக் கேள்விகளே உங்கள் அடுத்த கட்டுரைக்கு இடம் காட்டும்.

தொடங்குவதற்கு ஒரு கேள்வி வேண்டுமென்றால், சுற்றளவு பற்றிய அந்த மாணவியின் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். வரும் வார வகுப்பில் ஆளுக்கொரு நூல்துண்டைக் கொடுங்கள். எல்லாத் துண்டும் ஒரே நீளம், இரு முனையும் சேர்த்து முடிச்சிட்டது. அதை வைத்துக் கட்டத்தாளில் வெவ்வேறு செவ்வகங்களை அமைத்து உள்ளே உள்ள கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
உங்கள் எழுத்துக்காகக் காத்திருக்கும் வாசகர்கள் சார்பில்